சீனி வருத்தமும் தடிமன் காய்ச்சலும்

2020இன் கடைசி மாதங்களிலும் அடுத்த ஆண்டின் முற்பகுதியிலும் ஒவ்வோர் இரவும் அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் அறிக்கை ஒன்று பத்திரிகை அலுவலகங்களுக்கு வந்துசேரும். அன்று உறுதிசெய்யப்பட்ட கொவிட் மரணங்கள், இறந்தவரின் வயது, ஊர், மரணத்துக்கான காரணம் என்ற ஒழுங்கில் அது அமைந்திருக்கும். அதைத் தமிழாக்கி மறுநாள் பக்கத்தில் சேர்ப்பது பல இரவுகளில் என்னுடைய பொறுப்பாக இருந்தது. வயது மாறும், ஊர் மாறும். காரணம் மட்டும் பெரும்பாலும் மாறாது: 'கொவிட் நிமோனியா, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம்'. ஈய எழுத்துக்களைக் கையால் அச்சுக்கோத்த காலமாக இருந்திருந்தால், அந்த ஒரு வரியைக் கலைக்காமல் கட்டியே வைத்திருந்திருப்போம். பின்னர் மரணங்கள் நாளொன்றுக்கு இருநூறைத் தாண்டிய 2021 ஆகஸ்டில் இந்த விவரங்களெல்லாம் மறைந்து, ஆண் இத்தனை, பெண் இத்தனை, அறுபதுக்கு மேல் இத்தனை என்ற வெறும் கணக்கே எஞ்சியது.

2020 மார்ச் 28ஆம் திகதி பதிவான நாட்டின் முதலாவது கொவிட் மரணமே ஒரு நீரிழிவு நோயாளியின் மரணந்தான். அந்தச் செய்தி வெளியான அன்று தேநீர்க் கடையிலும் தொலைபேசியிலும் நான் கேட்ட முதல் வார்த்தை, "அவருக்கு வேற வருத்தமும் இருந்ததாம்" என்பது. இதைச் சொல்பவரின் குரலில் ஓர் ஆறுதல் இருக்கும். எங்களுக்கு அந்த 'வேற வருத்தம்' இல்லை, ஆகவே பயமில்லை என்ற ஆறுதல். இலங்கையில் 2005-06இல் நடந்த தேசிய ஆய்வு, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் நீரிழிவு உள்ளவர்கள் என்றது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது என்றும் சொன்னது. 2018-19இல் நடந்த மற்றோர் ஆய்வில் இது நூற்றுக்கு 23 ஆகக் காணப்பட்டது. நான்கு பேரில் ஏறக்குறைய ஒருவர். இந்த நாட்டில் 'வேற வருத்தம் உள்ளவர்' என்பவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமல்லர்.

வன்னியில் தடிமனை ஒரு நோயாக யாரும் மதிப்பதில்லை. மாரி வந்தால் மழை, மழை வந்தால் தடிமன். கொத்தமல்லி அவித்துக் குடித்து, இரண்டு பனடோல் போட்டு, மூன்றாம் நாள் வயலுக்குப் போய்விடுவார்கள். அதேபோல் நீரிழிவை 'சீனி வருத்தம்' என்று சொல்லி, அதை யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்களுக்கும் கொழும்புக் கடைக்காரர்களுக்கும் உரியதென்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இந்த இரண்டு 'சிறிய' வருத்தங்களும் ஓர் உடலில் ஒருசேரச் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பதை நான் அறிந்துகொண்ட இடம் மல்லாவி.

ஏ-9 வீதியில் மாங்குளம் சந்தியிலிருந்து மேற்கே வெள்ளாங்குளத்தை நோக்கிப் பிரியும் வீதியில் இருக்கிறது மல்லாவி. துணுக்காய், யோகபுரம், பாலிநகர், அப்பால் வவுனிக்குளம். என் அத்தானின் தகப்பனாருக்கு வவுனிக்குளக் குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைத்தது. அதனால்தான் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது என் மூத்த அக்காவும் பிள்ளைகளும் நேரே அங்கு போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஆண்டுதான் அக்காவுக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்திருந்தார்கள். வயது முப்பத்தைந்து. பார்த்தால் மெல்லிய உடம்பு. "இந்த மெலிவுக்குச் சீனியோ?" என்று ஊரார் நம்பவில்லை. தெற்காசியர்களாகிய எங்களுக்கு உடல் பருக்காமலே இந்நோய் வருவது வழமை என்பது அன்று ஊருக்குத் தெரியாது.

1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் படையினர் வசமான பின்பு மல்லாவி ஒரு பட்டினமாகிவிட்டது. இடம்பெயர்ந்த சனம், கடைகள், பாடசாலைகள் எல்லாம் அந்தச் சிறு சந்தியைச் சுற்றித் திரண்டன. மல்லாவி வைத்தியசாலை அதன் அளவுக்கு மீறிய பாரத்தைச் சுமந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் வந்து அங்கு பணியாற்றினார்கள். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் கட்டுப்பாடு. 1998இல் குளிசைகள் போதாமல் அக்கா இன்சுலினுக்கு மாற்றப்பட்டபோது அவர் முன்னிருந்த முதற் பிரச்சினை, அதை எங்கே வைப்பது என்பது. இன்சுலின் வெயிலில் கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டி அந்த ஊரில் பலருக்கு வெறும் அலுமாரி.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்ததும் முதற் பயணத்திலேயே நான் அக்காவைப் பார்க்கப் போனேன். வீட்டின் வடக்கு மூலையில், ஈர மணலுக்குள் பாதி புதைத்த ஒரு மண்பானை. அதற்குள் ஒரு சிறு மண்முட்டி, முட்டிக்குள் துணியில் சுற்றிய இன்சுலின் போத்தல். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது பிள்ளைகளின் வேலை. "சாமியறை மாதிரித்தான் தம்பி, உதில கால் படக்கூடாது" என்றார் அக்கா. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் அகதிமுகாம் ஒன்றின் வெப்பநிலையை வைத்து ஆராய்ந்து, 25 முதல் 37 பாகை வரை மாறும் சூட்டிலும் இன்சுலின் நான்கு வாரம் வீரியம் குன்றாமல் இருக்கும் என்று வெளியிட்டது 2021இல். அக்காவின் பானைக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்க இருபது ஆண்டுகள் எடுத்தன.

அக்கா அந்தப் பானையோடு ஒரு யுத்தத்தைக் கடந்தார். 2008 செப்டெம்பர் தொடக்கத்தில் படையினர் மல்லாவிக்குள் வருவதற்கு முன்பே கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, பிறகு நடந்தவற்றையெல்லாம் கண்டு, செட்டிகுளம் முகாமில் இருந்து, மீண்டும் காணிக்குத் திரும்பினார். மின்சாரம் வந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்தது. இன்சுலின் அதன் கதவில் இடம்பிடித்தது, பக்கத்தில் பேரப்பிள்ளைகளின் சோடாப் போத்தலும். நடந்தும் சைக்கிளிலும் போன இடங்களுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. குரக்கனும் சாமையும் மறைந்து மூன்று வேளையும் வெள்ளை அரிசியும் பாணும் ஆயின. பானைக் காலத்தில் ஓரளவு அடங்கி நின்ற சீனி, குளிர்சாதனப் பெட்டிக் காலத்தில் அடங்கவில்லை. நான் அறிந்தவரை இது அக்காவின் கதை மட்டுமன்று.

2021 ஆகஸ்டின் மூன்றாம் வாரம். நாடு முழுவதும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. டெல்டா என்று பெயர் சூட்டப்பட்ட வைரஸ் அக்காவின் வீட்டுக்குள்ளும் வந்தது. வீட்டில் ஐவர். ஆறு வயதுப் பேரனுக்கு ஒருநாள் உடம்பு சுட்டது, மறுநாள் முற்றத்தில் ஓடினான். மகளுக்கு ஒரு வாரம் மணமும் சுவையும் தெரியவில்லை. மருமகனுக்கு ஒன்றுமேயில்லை. அத்தான் நான்கு நாள் படுக்கையில் கிடந்து எழுந்தார். அக்கா எழவில்லை. ஒரே வைரஸ், ஒரே கூரை, ஒரே கொத்தமல்லித் தண்ணீர்.

இரண்டாம் நாளே அக்காவுக்குச் சாப்பாட்டில் மனம் போகவில்லை. "சாப்பாடே இல்லை, பிறகு என்னத்துக்கு ஊசி? போட்டால் சீனி இறங்கி விழுந்துடுவன்" என்று இன்சுலினை நிறுத்திவிட்டார். கேட்பதற்கு முழு நியாயமாகத் தோன்றும் தர்க்கம். இருபத்து மூன்று ஆண்டுகள் தானே ஊசி ஏற்றிய ஒருவரின் தர்க்கம். ஆனால் காய்ச்சல்காரனின் உடலில் இந்தத் தர்க்கம் செல்லாது. இதை வாசகர்கள் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தொற்று ஒன்று உள்ளே நுழைந்ததும் உடல் அதை ஒரு போராகக் கருதுகிறது. கோர்ட்டிசோல், அட்ரினலின் போன்ற ஓமோன்கள் சுரக்கின்றன. அவற்றின் கட்டளைப்படி ஈரல் தன் களஞ்சியத்தைத் திறந்து, வாய் வழியாக ஒன்றும் வராதபோதும், இரத்தத்தில் சீனியைக் கொட்டுகிறது. அதேவேளை தசைகள் இன்சுலினின் பேச்சைக் கேட்க மறுக்கின்றன. வவுனிக்குளத்து விவசாயிக்குச் சொல்வதானால், துருசு முழுவதும் திறந்து வாய்க்கால் கரைபுரளுகிறது, வயலின் வரம்பு வாய்களோ அடைபட்டிருக்கின்றன. நோயற்றவரின் கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலின் சுரந்து இதைச் சமாளித்துவிடும். நீரிழிவுக்காரரின் கணையத்துக்கு அந்தக் கையிருப்பு இல்லை. ஆகவே பட்டினி கிடந்தும் சீனி ஏறுகிறது. ஏறிய சீனி சிறுநீரோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போக, உடல் வறள்கிறது, தாகம் எடுக்கிறது. தாகத்துக்கு எங்கள் ஊரில் என்ன கொடுப்பார்கள்? நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு போத்தல் ஒரேஞ்ச் பார்லி இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஊரடங்கிலும் அயலவர்கள் அன்பாகப் படலையடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அக்காவும் குடித்தார்.

சீனி ஏறிய இரத்தத்தில் வெண்குருதிக் கலங்களின் நடை தளர்கிறது. கிருமி இருக்கும் இடத்துக்குப் பிந்திப் போகின்றன, போனாலும் விழுங்கிக் கொல்லும் வலு குறைந்திருக்கிறது. மறுபுறம் நீரிழிவுக்காரரின் உடலில் ஏற்கெனவே தணலாகக் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி, வைரஸ் வந்ததும் அளவுக்கு மீறி எரிந்து நுரையீரலையே சுடுகிறது. தேவையான இடத்தில் மந்தம், தேவையற்ற இடத்தில் ஆவேசம். இன்னொன்றும் உண்டு. சுவாசக்குழாயின் உட்புறத்து ஈரத்தில் சீனியின் செறிவு சாதாரணமாக இரத்தத்தில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இரத்தச் சீனி கூடினால் அங்கும் கசியத் தொடங்குகிறது. வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் பின்னால் வரும் பக்டீரியாவுக்கு அது பந்தி. சாதாரண இன்புளுவென்சா சிலருக்கு நிமோனியாவாக முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது கொவிட்டுக்கு மட்டும் உரிய குணமுமன்று. 2009இல் பரவிய எச்1என்1 இன்புளுவென்சாவின்போது கனடாவின் கியூபெக்கில் பார்த்தார்கள். நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியசாலையில் சேர்க்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு, சேர்ந்தவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு நான்கு மடங்கு. 2012இல் சவூதி அரேபியாவில் தலைகாட்டிய மெர்ஸ் நோயிலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டோரில் நீரிழிவுக்காரர் ஏராளம். 2020 மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை இங்கிலாந்தின் வைத்தியசாலைகளில் கொவிட்டால் இறந்தவர்களில் மூன்றில் ஒருவர் நீரிழிவு நோயாளி. வயது, இனம், வறுமை முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், இரண்டாம் வகை நீரிழிவுக்காரருக்கு மரண வாய்ப்பு இரு மடங்காகவே நின்றது. வயதும் சிறுநீரகமும் இருதயமும் இதில் பங்காளிகள் என்பதை மறுப்பதற்கில்லை, எல்லாப் பழியையும் சீனியின் தலையில் கட்டுவது தவறு. என்றாலும் அதே இங்கிலாந்தின் மற்றோர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு பத்துக்கு மேல் இருந்தவர்களில், அதை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் வைத்திருந்தவர்களைவிட மரணம் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். வயதை எவராலும் குறைக்க இயலாது. இந்த எண்ணை ஓரளவு குறைக்கலாம்.

ஐந்தாம் நாள் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. 1990க்கு அழைத்தார்கள், சுவசெரிய வண்டி வந்தது. விடுதியில் சேர்த்தபோது இரத்தச் சீனி 486, ஒட்சிசன் 86. அங்கே வேறொரு சிக்கல் காத்திருந்தது. ஒட்சிசன் தேவைப்படும் கொவிட் நோயாளியின் உயிரைக் காக்கும் என்று 2020 ஜூனில் ஒக்ஸ்போர்ட் ஆய்வு நிறுவிய டெக்சாமெதசோன், ஒரு ஸ்டீரொயிட் மருந்து. அது அழற்சியைத் தணிக்கும், சீனியையோ ஏற்றும். கொடுக்காமல் விட்டால் நுரையீரல், கொடுத்தால் சீனி. மணிக்கொருதரம் சீனி பார்த்து இன்சுலின் ஏற்றி, முகக்கவசமும் பிளாஸ்டிக் அங்கியும் அணிந்து வியர்த்து வழிந்த அந்தத் தாதியர்களை நினைக்கும்போதெல்லாம் மனதுக்குள் வணங்குகிறேன். அதே ஆண்டு இந்தியாவில் ஜூலைக்குள் 45,000 பேரளவில் கறுப்புப் பூஞ்சை நோய்க்கு ஆளானதன் பின்னணியிலும் இந்த மூன்றும்தான் நின்றன: கொவிட், ஸ்டீரொயிட், கட்டுப்படாத சீனி.

பதினொராம் நாள் அக்கா போய்விட்டார். ஷெல்லுக்கும் பட்டினிக்கும் தப்பியவர், தடிமனில் போனார் என்று ஊர் சொன்னது.

எட்டு மாதங்கள் கழித்து மல்லாவிக்குப் போனபோது அக்காவின் கிளினிக் கொப்பிகளை அத்தான் எடுத்துக் காட்டினார். முகாம் காலத்தில் தொலைந்தவை போக ஏழு கொப்பிகள், ஆறேழு இடங்களின் முத்திரைகள். திகதி, சீனி அளவு, மருந்து, அடுத்த வருகை. ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டினேன். காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் இடத்திலும் இல்லை. எவரையும் குறைசொல்லி இதை எழுதவில்லை. ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர் ஒருவருக்குக் கிடைப்பது ஆளுக்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் இன்றைய சீனியைப் பேசலாம், வரப்போகும் மாரியைப் பேச முடியாது.

ஆயினும் சொல்ல வேண்டியது அதிகமில்லை. காய்ச்சல் நாட்களில் இன்சுலினைத் தாமாக நிறுத்தக்கூடாது. சாப்பாடு குறைந்தாலும் அது தேவை, சிலருக்கு வழமையைவிடக் கூடவும் தேவைப்படும். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். குளுக்கோமீற்றர் உள்ளவர்கள் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பார்க்க வேண்டும். தண்ணீர், இனிப்பில்லாத கொத்தமல்லி, உப்பிட்ட கஞ்சித் தண்ணீர் என்று குடித்துக்கொண்டேயிருக்க வேண்டும். இனிப்புப் பானம் சீனி இறங்கினால் மட்டும். வாந்தி வயிற்றோட்டம் இருந்தால் மெட்போர்மின் போன்ற சில குளிசைகளை நிறுத்தச் சொல்வார்கள், அதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மூச்சு வாங்கினால், வாந்தி நிற்காவிட்டால், சீனி ஏறியபடியே இருந்தால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. அரைப் பக்கத்தில் அடங்கும் விடயம். ஒவ்வொரு கிளினிக் கொப்பியின் பின்னட்டையிலும் இதை அச்சிடுவதற்கு ஆகும் செலவு, ஒரு நோயாளிக்கு ஒருநாள் கொடுக்கும் ஒட்சிசனின் செலவுக்குக் கிட்டவும் வராது.

பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் ரூபாவின் பெறுமதி ஏறத்தாழப் பாதியாகச் சரிந்து மருந்து விலைகள் ஏறியபோது, வீட்டில் சீனி பார்க்கும் பட்டிகள் முதலில் கைவிடப்பட்டவற்றுள் ஒன்று. எரிபொருள் இல்லாமல் கிளினிக் நாளைத் தவறவிட்டவர்கள் எத்தனையோ பேர். வைரஸ்கள் இதற்கெல்லாம் விடுமுறை அளிப்பதில்லை. இலங்கையில் இன்புளுவென்சா ஆண்டுக்கு இருமுறை தலைதூக்கும்: மே மாதத்தை ஒட்டி ஒருமுறை, எங்கள் மாரியோடு மறுமுறை. நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுதோறும் இன்புளுவென்சாத் தடுப்பூசி போடுவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மல்லாவியில் அதைக் கேட்டுப் போட்டுக்கொண்டவர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் எம்மவர்களுக்கு அது பல இடங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஊருக்குத் தொலைபேசும்போது "சாப்பிட்டீங்களோ" என்று கேட்பவர்கள், "சீனி எவ்வளவு நிக்குது" என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

எனக்குள்ள மற்றொரு கவலை நாளைய நோயாளிகளைப் பற்றியது. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகளின் முற்றுகையால் பட்டினி கிடந்த ஒல்லாந்துத் தாய்மாரின் கருவில் இருந்தவர்களை, அவர்களின் ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, அவர்களின் உடல் சீனியைக் கையாளும் திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருந்ததைக் கண்டார்கள். வன்னியில் தொண்ணூறுகளிலும் 2009 வரையிலும் கருவுற்றுப் பிறந்த பிள்ளைகள் இப்போதுதான் வளர்ந்து குடும்பமாகிறார்கள். அவர்களுக்கு முப்பதிலேயே சீனி பார்க்கத் தொடங்கினால் மிகையாகாது.

அக்கா வைத்தியசாலையில் இருந்த நாட்களில் வீட்டாரையும் பரிசோதித்தபோது அத்தானுக்கு வெறும் வயிற்றில் சீனி 190. எழுபது வயதுவரை ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த மூன்றில் ஒருவர் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். கடந்த மார்கழி மழையில் அவருக்கும் நல்ல தடிமன் காய்ச்சல். கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைத்துத் தொலைபேசியில் வாசித்தார்: காலை 168, மத்தியானம் 231, இரவு 247. "தம்பி, கஞ்சி மட்டும்தான் குடிச்சனான். இப்பிடி ஏறுமோ?" ஏறும் அத்தான் என்றேன். மறுநாட் காலையில் மகளோடு போய் மருத்துவரிடம் கலண்டரைக் காட்டி, மருந்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறாம் நாள் 142. ஏழாம் நாள் வாய்க்கால் பார்க்கப் போய்விட்டார். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஒரேஞ்ச் பார்லி நான்கு போத்தல் அலுமாரியில் நிற்கிறதாம், தையில் அயலில் வரும் கலியாண வீட்டுக்குக் கொடுக்கலாமென்று வைத்திருக்கிறார்.